சிற்றுலகத்தின் தரை

தீப்பிடித்து ஏழு மாதம் கழித்து அந்தச் சலவை நிலையம் மறுபடியும் மடிப்பக்காவின் முன்னால் வந்து நின்றது. இந்தத் தடவை ஒற்றைக் கட்டில் அளவுக்குத்தான் இருந்தது. விசாரணைக் கூடத்தின் நடுவில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு அதன்மேல் வைத்திருந்தார்கள். கூரை கிடையாது. மேலிருந்து எட்டிப் பார்த்தால் எல்லாமே தெரிந்தது. முன்வாசல், மடிப்பு மேசை, ஈர விரிப்புகளை உலர்த்தித் தேய்த்து வெளியே தள்ளும் பெரிய உருளை இயந்திரம், எதிரெதிராக நாலு நாலாய் எட்டு சலவை இயந்திரங்கள், ஊறல் தொட்டி, கடைசியில் பின்கதவு. பின்கதவை அடைத்துக்கொண்டு ஐந்து தள்ளுவண்டிகள்.

மடிப்பக்கா என்பது வேலை வைத்த பெயர். பத்தொன்பது வருஷம் மடிப்பு மேசையில் நின்றவள். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் விரிப்புகளை அவள் மடித்து அடுக்கினால் நாலு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். அவள் கணவரை எல்லோரும் வண்டியண்ணன் என்பார்கள். ஈரத்துணியைத் தள்ளிக்கொண்டு உருளைக்கு வருவதும், மடித்ததை முன்வாசல் லாரிக்குக் கொண்டுபோவதும் அவர் பாடு. உருளை இயந்திரத்துக்கு மேலே இருந்த புகைக்கூண்டில் வருஷக்கணக்காகப் படிந்து கிடந்த பஞ்சுத்தூசியில்தான் தீ பிடித்தது. அதற்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் முன்வாசல் வழியாக ஓடிப் பிழைத்தார்கள். அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். பின்கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. துணி நிறைந்த வண்டிகள் வந்து அடைத்துக்கொண்டதால் அந்தப் புகையில் திறக்க முடியவில்லை. கதவுக்கு ஒரு கை தூரத்தில் மூன்று பேரும் கிடந்தார்கள். அதில் ஒருவர் வண்டியண்ணன்.

அந்த வண்டிகளை அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்ற கேள்விக்கு முதலாளி தரப்பு பதிலைத் தயாராக வைத்திருந்தது. வண்டி யார் பொறுப்பு? வண்டிக்காரன் பொறுப்பு. அவர்களுடைய பொறியாளர் எழுதிக் கொடுத்த குறிப்பின் நகலை மடிப்பக்காவுக்கும் அனுப்பியிருந்தார்கள். ‘தள்ளுவண்டிப் பணியாளர் தம் வசதிக்காக அவசர வழியில் வண்டிகளை நிறுத்தி வைத்ததே மூன்று மரணங்களுக்கும் காரணம்’ என்று அதில் ஒரு வரி. விசாரணை அறிக்கையில் அந்த வரி அப்படியே ஏறிவிட்டால் காலத்துக்கும் அழியாது. செத்த மனுஷன் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல மாட்டான் என்கிற தைரியத்தில் எழுதிய வரி. அதை அடிக்க வேண்டும். அதற்காகத்தான் அன்று காலை அவள் கூடத்துக்கு வந்திருந்தாள்.

அந்தக் கூடத்தில் அவளுக்குப் பிடிக்காதவை நிறைய. மேலே கடகடவென்று சுற்றும் மின்விசிறி, பொறியாளரின் வாசனைத் திரவியம், தண்ணீர் ஊற்றித் தராமல் ஜாடியைத் தன் பக்கமே வைத்துக்கொள்ளும் எழுத்தர். எல்லாவற்றையும்விட அவளுக்கு வெறுப்பு ஒரு சொல்லின் மேல். சிற்றுலகம்.

அதை முதலில் கொண்டுவந்தது செய்தித்தாள். தீப்பிடித்த நாலாம் நாள், அந்தச் சலவை நிலையம் நம் சமூகத்தின் சிற்றுலகம் என்று யாரோ அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். மேலே இருப்பவன் வெள்ளையாக இருக்கக் கீழே இருப்பவன் அழுக்கைத் துவைக்கிறான் என்று அழகாகத்தான் எழுதியிருந்தது. செத்தவர்கள் மூன்று பேர் என்பதற்குப் பதில் நாலு என்று போட்டிருந்தார்கள். பிறகு தொழிற்சங்கத்துக்காரர் ஒலிபெருக்கியில் அதையே சொன்னார், இந்த ஒரு கட்டடத்துக்குள்ளே மொத்த நாடும் இருக்கு என்று. கீழ் வீட்டில் குடியிருந்த பள்ளி ஆசிரியர் துக்கம் விசாரிக்க வந்தவர், மனித உடம்பே ஒரு சிற்றுலகம்தானம்மா, ஒரு ஆள் போனால் ஒரு உலகமே போன மாதிரி என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அவளுக்கோ, உலகம் எங்கே போயிற்று, அது பாட்டுக்கு வாசலில் பால் வண்டி விட்டுக்கொண்டுதானே இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது.

வண்டியண்ணன் பழைய புத்தகக் கடையில் வாங்கிப்போட்ட முதுகு கிழிந்த அகராதி ஒன்று வீட்டில் இருந்தது. அதில் பார்த்தாள். மூன்று பொருள் கொடுத்திருந்தது. பேரண்டத்தின் சிறிய வடிவமாகக் கருதப்படும் மனிதன். முழுமை ஒன்றின் இயல்புகள் எல்லாம் அடங்கிய சிறு பகுதி அல்லது குழு. மூன்றாவது, ஆய்வுக்காகக் கண்ணாடிக் கலத்தில் மூடி வைக்கப்படும் உயிர்த்தொகுதி. குளத்துத் தண்ணீர், பாசி, நத்தை இவற்றைக் குப்பியில் போட்டு இறுக மூடி, என்ன ஆகிறதென்று வெளியே நின்று பார்ப்பார்களாம். மூன்றில் இது ஒன்றுதான் யோக்கியமான பொருள் என்று அவளுக்குப் பட்டது. மூடியவன் வெளியே நிற்கிறான் என்பதையாவது அது ஒப்புக்கொள்கிறது.

வீட்டிலும் அவளுக்கு நிம்மதி இல்லை. மாடியில் இரண்டு அறை. அவளும் நாத்தனாரும்தான் இப்போது. நாத்தனார் கட்டிய இடம் சரியில்லாமல் பத்து வருஷத்துக்கு முன்பே அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். அதுவரை வாய்க்கு வாய் அண்ணி என்று கூப்பிட்டவள், தீப்பிடித்த நாளிலிருந்து அந்தச் சொல்லையே விட்டுவிட்டாள். பேச்செல்லாம் ஜாடைதான். குடத்தோடு பேசுவாள், துடைப்பத்தோடு பேசுவாள். ஒருநாள் அடுப்பைப் பார்த்து, “சில பேருக்குக் கால் ரொம்ப வேகம்” என்றாள். இன்னொரு நாள் கதவு மூலையில் கிடந்த செருப்பைப் பார்த்து, புருஷன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று திரும்பிப் பார்க்கக்கூட சில கழுத்துகளுக்கு நேரம் இருப்பதில்லை என்று சொன்னாள். செருப்புக்குச் சொன்னதற்கு மடிப்பக்கா எப்படிப் பதில் சொல்வது?

ஆனால் நாத்தனாருக்குத் தெரியாத ஒன்று மடிப்பக்காவுக்குத் தெரியும்.

இரண்டாம் மாதம், ஆபத்தான கட்டடம் என்று சொல்லி முதலாளி தரப்பினர் நிலையத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதற்கு முன் விசாரணைக்காக எடுத்த புகைப்படங்களை இறந்தவர் குடும்பங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பின்கதவுப் படத்தில், துணி எல்லாம் எரிந்துபோய் இரும்புச் சட்டம் மட்டும் மிஞ்சிய ஐந்து வண்டிகள். கதவோடு ஒட்டிக் குறுக்கே கிடந்த முதல் வண்டியின் சட்டத்தில் எண் பொறித்திருந்தது. மூன்று. மற்றவர்களுக்கு அது ஒரு எண். மூன்றாம் எண் வண்டி மடிப்பக்காவின் வண்டி. தீப்பிடித்த நேரத்தில் அவள் இடுப்போரம் நின்ற வண்டி. கணவரின் பெயரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த வண்டி எப்படி அங்கே போயிற்று என்று சொல்ல வேண்டும். சொன்னால், அடுப்பிடமும் செருப்பிடமும் நாத்தனார் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும். ஐந்து மாதம் அவள் வாயைத் திறக்கவில்லை. அன்று காலையிலும், என் வீட்டுக்காரர் அப்படிச் செய்கிறவர் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினாள்.

கூடத்தில் நாத்தனார் அவளுக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்தாள். நடுவில் கைப்பையை வைத்தாள்.

விசாரணை அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. அதிகம் பேசாதவர். முதலாளியின் வக்கீலுக்கு அந்தக் குறை இல்லை. எழுந்தவர், அந்த நிலையம் வெறும் தொழிற்கூடம் அல்ல, ஒரு சிற்றுலகம் என்று ஆரம்பித்தார். அந்தச் சிற்றுலகத்தில் முதலாளி தகப்பன், தொழிலாளிகள் பிள்ளைகள், பிள்ளைகளில் ஒருவர் கவனமில்லாமல் இருந்துவிட்டார், அதற்காகத் தகப்பன் இன்றைக்கும் கண்ணீர் விடுகிறார் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பிள்ளை என்றால் சம்பளம் ஏன் தருகிறார்கள் என்று சங்கத்துக்காரர் பின்னாலிருந்து முணுமுணுத்தார். எழுத்தர் முறைத்தார்.

அடுத்து, மேசைமேல் இருந்த அந்த மாதிரியைச் செய்தவரைக் கூப்பிட்டார்கள். ஒல்லியான மனிதர். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பேசுவதற்கு முன் ஒரு சின்னத் தூரிகையால் தன் மாதிரியின் மேலிருந்த தூசியைத் தட்டிவிட்டார். இருபதில் ஒரு பங்கு என்றார். ஒப்புதல் பெற்ற வரைபடத்தை வைத்துக்கொண்டு, சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் புகைப்படத்தைப் பார்த்துச் செய்ததாகச் சொன்னார். இருபத்தாறு வருஷமாக இந்த வேலையில் அவருக்கு ஒரே விதிதானாம். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். வண்டிகளைக்கூட வெறும் கட்டையாக வைக்கவில்லை. ஈயத்தில் வார்த்து, நாலு சக்கரமும் சுழல்கிற மாதிரி அச்சில் கோத்து, துணிக்குப் பதில் சுண்ணக்கட்டி நிரப்பியிருந்தார். ஒன்றை எடுத்து விரலால் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். அது நெடுநேரம் சுற்றியது. அவர் முகத்தில் பெருமை.

பொறியாளர் ஒரு குச்சியை நீட்டிப் பின்கதவைக் காட்டினார். வண்டி ஐந்தும் படத்தில் இருந்தபடியே நிற்கின்றன, தானாக நடந்து வந்திருக்காது, யாரோ தள்ளிக்கொண்டு வந்துதான் நிறுத்தியிருக்க வேண்டும், தள்ளுகிற வேலை ஒரே ஆளுடையது என்று சொல்லிவிட்டுக் குச்சியை மடக்கினார்.

பிறகு மடிப்பக்காவைக் கூப்பிட்டார்கள். மடிப்பு மேசையில் அவளோடு நின்ற மற்ற மூன்று பெண்களுக்கும் முதலாளியின் இன்னொரு கிளையில் வேலை கிடைத்திருந்தது. ஓடி வந்துவிட்டோம், எதையும் பார்க்கவில்லை என்று முந்தின நாளே ஒரே வாசகத்தில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

அவள் மாதிரியின் அருகே போய் நின்றாள். குனிந்து பார்த்தாள். பத்தொன்பது வருஷம் நின்ற மேசை சோப்புக் கட்டி அளவில் இருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, இருந்தும் என்னவோ இடித்தது. பின்கதவில் நின்ற வண்டிகளில் ஒன்றை எடுத்து மடிப்பு மேசைக்குப் பக்கத்தில், தான் எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தாள். கையை எடுத்தாள். வண்டி நின்றது.

“இது எங்க இடம் இல்லீங்க” என்றாள்.

வக்கீல் சிரித்தார். “என்னம்மா, திருகாணி எதுவும் விட்டுப்போச்சா?”

“வண்டி நிக்குது.”

“வண்டின்னா நிக்கத்தானே செய்யும்.”

“எங்க இடத்துல கையை எடுத்தா நிக்காது. பின்னாடி போயிடும்.”

கூடத்தில் ஒரு சலசலப்பு. தரை சரிவு என்று அந்த நிலையத்தில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை. புதிதாக வருகிறவரிடம் ‘வண்டிக்குத் துண்டு வை’ என்பார்கள், அவ்வளவுதான். ஈரத்துண்டைச் சுருட்டிச் சக்கரத்தின் அடியில் காலால் தள்ளிவிட்டுத்தான் வண்டியை விடுவார்கள். சாப்பாட்டுக்கு முன் கை கழுவுகிற மாதிரி அது ஒரு பழக்கம். ஏன் என்று கேட்டால், இல்லாவிட்டால் வண்டி ஓடிவிடும் என்பார்கள். துவைத்த தண்ணீர் வடிய வேண்டுமே. வடிகால் பின்கதவுக்கு முன்னால்தான் இருந்தது.

வரைபடத்தில் தரை சமமாகத்தான் இருக்கிறது, கணவர்மேல் பாசமுள்ள மனைவி எதையும் சொல்வாள், கட்டடமே இல்லாதபோது இதற்கு என்ன ருசு என்று பொறியாளர் எழுந்து கேட்டார். கட்டடத்தை இடித்தவர்களே அப்படிக் கேட்டது மடிப்பக்காவுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. மறுபடி குனிந்தாள். உருளை இயந்திரத்தின் கால்களைப் பார்த்தாள். பிறகு மாதிரி செய்தவரைப் பார்த்தாள்.

“சார், இந்த உருளைக்கு நாலு காலும் ஒரே உசரமா வச்சிருக்கீங்க.”

“ஆமாம்மா. வரைபடத்துல அப்படித்தான்.”

“பின்கால் ரெண்டுக்கும் அடியில தகடு உண்டு. நாலு நாலு தகடு. ஒவ்வொண்ணும் கட்டைவிரல் கனம். தினமும் வேலை முடிஞ்சு அது அடியில கைவிட்டுப் பஞ்சுத்தூசி எடுக்கிறது நான்தான். முழங்கை கீறாத நாள் கிடையாது.”

மாதிரி செய்தவர் தன் பையைத் திறந்து புகைப்படங்களை எடுத்தார். ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒன்றில் நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்திலிருந்த பெருமை போயிருந்தது.

“இருக்கு” என்றார். “கூரைத் தகடு ஒடிஞ்சு விழுந்து கிடக்குன்னு நினைச்சேன். எரிஞ்ச சாமான்னு விட்டுட்டேன்.”

அதிகாரி கையை நீட்டிப் படத்தை வாங்கிப் பார்த்தார். எரிந்த இடத்தில் ஆயிரம் இரும்பு கிடக்கும், அதையெல்லாம் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று வக்கீல் ஆரம்பித்தார். மாதிரி செய்தவர் அவரைக் காதில் வாங்கவே இல்லை. ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தன்னை யாரும் ஏமாற்றவில்லை, தானே விட்டுவிட்டோம் என்பதுதான் அவரைக் குடைந்தது. உருளை மட்டமாக நின்றால்தான் விரிப்பு கோணாமல் வெளியே வரும், அதனால் தரை எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு தகடு கொடுத்திருக்கிறார்கள் என்றார். காலுக்குக் கால் நாலு மீட்டர், தகடு நாலும் சேர்ந்து பத்து சென்டிமீட்டர், அப்படியானால் நாற்பதுக்கு ஒன்று இறக்கம். அதே இறக்கம் முன்வாசல் வரை ஓடியிருந்தால் மாதிரியின் முன்பக்கத்தை ஐந்து சென்டிமீட்டர் தூக்க வேண்டும்.

“முன்வாசல் வரைக்கும் ஒரே சரிவுதான் சார்” என்றாள் மடிப்பக்கா. “வாசல்லேர்ந்தே ஓடும்.”

தூக்குங்கள் என்றார் அதிகாரி.

எழுத்தரும் மாதிரி செய்தவரும் மாதிரியின் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்கள். சட்டப் புத்தகங்கள் இரண்டை அடியில் கொடுத்தார்கள். ஒன்று வக்கீலுடையது. மாதிரி செய்தவர் அளவுகோல் வைத்துப் பார்த்து, நாலைந்து தாளை மடித்துச் செருகி அளவைச் சரிசெய்தார். வண்டிகள் எங்கெங்கே நின்றன என்று கேட்டார். மடிப்பு மேசை ஓரமாக நாலு, உருளையின் வாயருகே ஒன்று என்று அவள் காட்டினாள். ஒவ்வொன்றையும் வைத்து விரல்களால் பிடித்துக்கொண்டார்கள். அவர் இரண்டு கை, எழுத்தர் இரண்டு கை, அவள் ஒரு கை.

“விடலாமா?” என்று கேட்டார்.

விட்டார்கள்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. வக்கீல் மூச்சை இழுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மடிப்பக்கா விட்ட வண்டி அசைந்தது. முதலில் மெதுவாக, பிறகு யாரோ கூப்பிட்ட மாதிரி, சலவை இயந்திரங்களுக்கு நடுவே நேராக இறங்கிப்போய்ப் பின்கதவில் டொக் என்று முட்டிக் குறுக்கே திரும்பி நின்றது. பின்னாலேயே மற்றவை. டொக், டொக், டொக். ஒன்று மட்டும் சலவை இயந்திரத்தின் காலில் இடறிப் பாதியில் நின்றுவிட்டது.

“ஒண்ணு வரலையே” என்றார் வக்கீல்.

“கதவை அடைக்க நாலே போதும்” என்றார் அதிகாரி.

அந்தச் சத்தம் மடிப்பக்காவின் காதுக்குள் வேறு அளவில் கேட்டது. அன்றைக்கு ஓடும்போது அவள் காதில் விழுந்தும் விழாத சத்தம்.

பத்தொன்பது வருஷமாக ஓடாத வண்டி அன்றைக்கு மட்டும் ஏன் ஓடியது என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்குத் துண்டு இல்லை என்றாள் அவள். சக்கரக் கறை படிந்த துண்டு திரும்பி வருகிறதென்று ஒரு விடுதியிலிருந்து புகார். இனிமேல் எவராவது சக்கரத்துக்குத் துண்டு வைத்தால் ஒருநாள் சம்பளம் போச்சு என்று மேற்பார்வையாளர் அறிவிப்பு ஒட்டினார். எதற்கெடுத்தாலும் விசில் ஊதுகிற மனுஷன், அதனால் அவர் பெயரே விசில். மரக்கட்டை வாங்கித் தருகிறோம் என்றார்களே தவிர ஒன்பது நாளாகியும் வரவில்லை. அந்த ஒன்பது நாளும் மடிப்பு மேசைப் பெண்கள் வண்டிக்கு இடுப்பை முட்டுக் கொடுத்துக்கொண்டுதான் மடித்தார்கள். வலது இடுப்பில் கன்றிப்போய் நீலம் பூத்துவிட்டது. மேலே புகை கிளம்பியதும் எல்லோரும் ஓடினோம். வண்டியை யாரும் தள்ளவில்லை. இடுப்பை எடுத்தோம், அவ்வளவுதான்.

அதிகாரி எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார். “கதவை ஒட்டி இருந்தது மூணாம் நம்பர் வண்டி. அது யார்கிட்ட இருந்தது, தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கணவரின் பெயர் அநேகமாக மீண்டாயிற்று. நாலு பெண்களில் யாரோ ஒருத்தி என்று போய்விடும். அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள். நாத்தனார் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏழு மாதத்தில் முதல் தடவையாக நேராக.

“என்கிட்ட” என்றாள் மடிப்பக்கா.

மின்விசிறி கடகடத்தது.

வக்கீலுக்கு உயிர் வந்துவிட்டது. நாலு எட்டில் அவள் எதிரே வந்து நின்றார். “அப்படின்னா உங்க வீட்டுக்காரர் சாவுக்கு நீங்கதான் காரணம்னு எழுதிக்கலாமா?”

சங்கத்துக்காரர் ஏதோ கத்தினார். அதிகாரி வக்கீலைக் கண்டித்தார். மடிப்பக்கா இரண்டையும் கவனிக்கவில்லை. வக்கீலின் கழுத்துப்பட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அது சரியாகத் தேய்க்காமல் ஓரம் மடங்கியிருந்தது.

“எழுதிக்குங்க. நான் இடுப்பை எடுத்தேன், வண்டி போச்சு, மூணு பேரு செத்தாங்க. ஏழு மாசமா அதோடதான் எந்திரிக்கிறேன், அதோடதான் படுக்கிறேன், நீங்க புதுசா சொல்ல வேணாம். ஆனா அவர் அங்க வண்டியை வச்சாருன்னு எழுதியிருக்கீங்களே, அதை அடிங்க. அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க. அதுக்கு அடுத்த வரியில, துண்டை எடுத்தது யாருன்னும் எழுதுங்க. கட்டை வாங்காதது யாரு, புகைக்கூண்டைத் தட்டாதது யாருன்னும் எழுதுங்க. ஏதோ சிற்றுலகம்னீங்களே, அதுல நான் ஒருத்திதான் இருந்தேனா?”

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த விசில் எழுந்துவிட்டார். அவரை யாரும் கூப்பிடவில்லை. தன் தலையில் விழப்போகிறது என்ற பயத்தில் எழுந்தவர். துண்டை எடுக்கச் சொன்னது நானில்லை மேடம், முதலாளி சொன்னார், நான் ஒட்டினேன், மரக்கட்டைக்கு மூன்று தடவை சீட்டு எழுதிக் கொடுத்தேன், மூன்று தடவையும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று திருப்பிவிட்டார், சீட்டின் நகல்கூட என்னிடம் இருக்கிறது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். பொறியாளர் தன் குச்சியை நீட்டி மடக்கி, நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்.

நகல்களை நாளைக்கே கொண்டுவர வேண்டும் என்று விசிலிடம் அதிகாரி சொன்னார். பிறகு பொறியாளரின் குறிப்பை எடுத்து, வண்டியண்ணனைப் பற்றிய வரியின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். கோடு அவ்வளவு நேராக இல்லை. அது போதும். அதன் பக்கத்தில் அவர் எழுதியதை எழுத்தருக்காக உரக்கப் படித்தார். மூன்றாம் எண் வண்டி மடிப்புப் பிரிவுப் பெண் பணியாளர் ஒருவரின் கையிலிருந்து விடுபட்டது, முட்டுத்துண்டு நிர்வாக உத்தரவால் அகற்றப்பட்டிருந்தது. கையிலிருந்து இல்லை, இடுப்பிலிருந்து என்று திருத்த நினைத்தாள் மடிப்பக்கா. அதிகாரி அதற்குள் கோப்பை மூடிவிட்டார்.

கூடத்தை விட்டு வெளியே வருகையில் மாதிரி செய்தவர் வாசலில் நின்றிருந்தார். ஏதோ சொல்ல விரும்பினார். அம்மா என்று மட்டும் சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த தடவை அடியில கை விட்டுப் பாருங்க சார் என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். கடுப்பாகத்தான் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

தெருவில் வெயில் ஏறியிருந்தது. நாத்தனார் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். தெருமுனையில் நின்றாள். மடிப்பக்கா பக்கத்தில் வரும்வரை நின்றாள். சுவரையோ கம்பத்தையோ பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துப் பேசினாள்.

“எப்பத் தெரியும் உனக்கு? மூணாம் நம்பர்னு.”

“படம் காட்டினாங்களே, அன்னிக்கே.”

“அஞ்சு மாசம்.”

“அஞ்சு மாசம்.”

“என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கே. அவன் ஊர் பேசற பேச்செல்லாம் சுமந்துக்கிட்டு மண்ணுக்குள்ள கிடந்தான். நீ வாயை மூடிக்கிட்டு மேலே உக்காந்திருந்தே.”

“ஆமா.”

“இன்னிக்கு எங்கண்ணன் பேரைக் காப்பாத்திட்டதா நினைச்சுக்காதே. உன் பாரத்தை இறக்கி வச்சே, அவ்வளவுதான்.”

“ரெண்டும்தான்” என்றாள் மடிப்பக்கா.

நாத்தனாருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் பிடிக்கக்கூடாது என்றுதான் பேசியிருந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் இன்னிக்கு சமைக்கப் போறதில்லை.”

“நான் சமைக்கிறேன்.”

“நீ சமைச்சா நான் தொட மாட்டேன்.”

“சரி. மூடி வைக்கிறேன்.”

அவர்கள் பக்கம் போகிற பேருந்து மணிக்கு ஒன்றுதான். இருவரும் அதே நிறுத்தத்துக்குத்தான் நடந்தாக வேண்டும். நாத்தனார் தெருவின் அந்த ஓரத்துக்குக் கடந்து போனாள். இந்த ஓரத்தில் நிழல் இல்லை. மடிப்பக்கா வெயிலிலேயே நடந்தாள்.